மாட்டு இதயத்திலிருந்து வந்த கொழுப்பு

சின்னக் கண்ணாடிப் புட்டி. உள்ளே நிறமில்லாத திரவம். ஏறக்குறைய முழுவதும் ஆல்கஹால். அதில் மூன்று பொருள்கள் கரைந்திருக்கின்றன: 0.9 சதவீதம் கொலஸ்ட்ரால், 0.21 சதவீதம் லெசிதின், 0.03 சதவீதம் கார்டியோலிபின். இருப்பதிலேயே குறைவான அந்தக் கார்டியோலிபின்தான் வேலை செய்யும் பொருள். மாட்டின் இதயத் தசையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு கொழுப்பு அது. இதை வைத்துத்தான் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக உலகமெங்கும் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் சிபிலிஸ் இருக்கிறதா என்று பார்த்துவருகிறார்கள். நம்மூர் லேப் ரிப்போர்ட்டில் 'வி.டி.ஆர்.எல்.' என்று ஒரு வரி இருக்குமே, அதுதான்.

சிபிலிஸை ஊர்ப்பக்கம் மேகநோய் என்பார்கள், கிரந்தி என்பார்கள். டிரெபோனிமா பாலிடம் என்ற திருகுவடிவக் கிருமியால் வருவது. அந்தக் கிருமியின் ஒரு துணுக்குகூட இந்தப் புட்டிக்குள் கிடையாது. கிருமிக்கும் மாட்டு இதயத்துக்கும் என்ன தொடர்பு என்பது இதைக் கண்டுபிடித்தவர்களுக்கே பல ஆண்டுகள் புரியாமல் இருந்தது.

கதை பெர்லினில் தொடங்குகிறது. 1905ஆம் ஆண்டு ஃபிரிட்ஸ் ஷௌடின், எரிக் ஹாஃப்மன் இருவரும் ஒரு பெண் நோயாளியின் புண்ணில் எடுத்த நீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, நோயின் கிருமியை அடையாளம் கண்டார்கள். புண் இருக்கும்வரைதான் கிருமியைக் கண்ணால் பார்க்க முடியும். சில வாரங்களில் புண் தானாக ஆறிவிடும்; நோய் உடம்புக்குள் ஒளிந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க ரத்தத்தைக் கேட்க வேண்டியிருந்தது. மறுஆண்டே, 1906இல், அகஸ்ட் ஃபான் வாசர்மன் தன் சகாக்கள் ஆல்பர்ட் நைசர், கார்ல் புரூக் ஆகியோருடன் அதற்கொரு வழி சொன்னார்.

ரத்தத்தில் நோயின் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்க, அதோடு ஒட்டிக்கொள்ளும் ஆன்டிஜென் வேண்டும். அந்தக் கிருமியோ ஆய்வகத்தில் வளர மறுத்தது. எங்கே கிடைக்கும் கோடிக்கணக்கான கிருமி? சிபிலிஸ் தாக்கிய தாயின் வயிற்றிலேயே இறந்துபோன சிசுவின் கல்லீரலில். அதில் கிருமி மொய்த்துக் கிடக்கும். அந்தக் கல்லீரலை அரைத்து, சாறு எடுத்து, அதையே ஆன்டிஜெனாக வைத்தார்கள். இந்தப் பரிசோதனையின் முதல் மூலப்பொருள் உயிரோடு பிறக்காத ஒரு குழந்தையிடமிருந்து வந்தது.

செய்முறை சுற்றிவளைத்தது. ஆன்டிபாடியும் ஆன்டிஜெனும் சேரும்போது சீரத்திலிருக்கும் காம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொகுதி செலவாகிவிடும். செலவானதா, மிச்சமிருக்கிறதா என்று அறிய, செம்மறியாட்டின் சிவப்பணுக்களைச் சேர்ப்பார்கள். அவை உடைந்து திரவம் சிவந்தால் காம்ப்ளிமென்ட் மிச்சம், நோய் இல்லை. உடையாமல் குழாயின் அடியில் படிந்தால் நோய் உண்டு. ஒரே ஒரு நோயாளியின் முடிவுக்கு செம்மறியாடு, முயல், கினிப் பன்றி என மூன்று விலங்குகளின் ரத்தம் தேவைப்பட்டது.

அடுத்த திருப்பம் 1907இல் வியன்னாவில். ரத்த வகைகளைக் கண்டுபிடித்த அதே கார்ல் லாண்ட்ஸ்டெய்னர், முல்லர், பெட்ஸ்ல் என்ற இருவரோடு சேர்ந்து, நோயே அண்டாத சாதாரண விலங்குத் திசுவின் ஆல்கஹால் சாறும் இதே வேலையைச் செய்கிறது என்று காட்டினார். இதயம் மிக நன்றாக வேலை செய்தது. மாட்டு இதயம் கசாப்புக் கடையில் தினமும் கிடைக்கும். சிசுவின் கல்லீரல் தேவையில்லாமல் போயிற்று. ஆனால் கிருமியைப் பிடிக்கத்தான் இந்தப் பரிசோதனை என்று வாசர்மன் கட்டிய விளக்கமும் அதோடு சரிந்தது. பரிசோதனை மட்டும் நின்றது. ஏன் நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. லுவோவ் நகரத்து மருத்துவர் லுட்விக் ஃபிளெக், ஒரு அறிவியல் உண்மை எப்படி உருவாகிறது என்பதைச் சொல்ல 1935இல் ஒரு நூல் எழுதியபோது, உதாரணமாக எடுத்துக்கொண்டது இந்தப் பரிசோதனையைத்தான். தவறான அனுமானத்தில் தொடங்கி, பலருடைய கைப்பக்குவத்தில் திருந்தி, பயனுள்ளதாக ஆன ஒன்று என்று அவர் காட்டினார். பின்னாளில் ஆஷ்விட்ஸ் முகாமில் கைதியாக இருந்து உயிர் தப்பியவர் அவர்.

கைப்பக்குவம் என்று சொன்னது வெறும் பேச்சுக்காக அல்ல. ஒவ்வொரு ஆய்வகமும் தானே இதயத்தை வாங்கி, தானே அரைத்து, தானே சாறு இறக்கியது. ஒருவர் சாறு இன்னொருவருடையதைப் போல் இராது. ஒரே ரத்தம் ஓர் ஊரில் நோயுள்ளது, அடுத்த ஊரில் நோயற்றது. இதைச் சரிக்கட்ட உலக நாடுகள் சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) கோபன்ஹேகனில் நிபுணர்களைக் கூட்டி, ஒரே ரத்தத்தை எல்லாரும் சோதித்துப் பார்க்க வைத்தது. சாற்றில் எது வேலை செய்கிறது என்று தெரியாதவரை அந்தக் குழப்பத்துக்கு முடிவில்லை.

முடிவைத் தந்தவர் மேரி பாங்பார்ன். நியூயார்க் மாநில சுகாதாரத் துறையின் ஆல்பனி ஆய்வகத்தில் வேலை பார்த்த வேதியியலாளர். மாட்டு இதயச் சாற்றிலிருந்த கொழுப்புகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போய், 1941இல் வேலை செய்யும் பொருளைத் தனியே பிரித்தெடுத்தார். பாஸ்பரஸ் கொண்ட கொழுப்பு அது. கார்டியோலிபின் என்று பெயர் வைத்தார். நம் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் இருப்பது இது. ஓயாமல் துடிக்கும் இதயத்தில் மைட்டோகாண்ட்ரியா நெருக்கமாக இருப்பதால் அங்கே இது மிகுதி. சிபிலிஸ் உடம்பின் செல்களைச் சிதைக்கும்போது இந்த வகைக் கொழுப்பு வெளிப்படுகிறது, கிருமியின் உடலிலும் இத்தகைய கொழுப்பு இருக்கிறது, இவற்றுக்கு எதிராக உடல் ஆன்டிபாடி செய்கிறது என்பது இன்றைய விளக்கம். வாசர்மனின் பெயரை மருத்துவ மாணவர்கள் எல்லாருக்கும் தெரியும். பாங்பார்னின் பெயரை அறிந்தவர்கள் மிகக் குறைவு. இது நியாயமில்லை, அவர் கைபடும்வரை இந்தப் பரிசோதனை ஊருக்கு ஊர் ஒரு தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தது.

இனி நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு. அங்கிருந்த பால்வினைநோய் ஆராய்ச்சி ஆய்வகத்தில்தான் 1943இல் ஜான் மஹோனி, ரிச்சர்ட் அர்னால்ட், ஆட் ஹாரிஸ் மூவரும் நான்கு சிபிலிஸ் நோயாளிகளுக்குப் பெனிசிலின் கொடுத்துக் குணமானதைக் காட்டினார்கள். மூன்றே ஆண்டுகளில், 1946இல், அதே ஹாரிஸ் வேறு இரு சகாக்களோடு பாங்பார்னின் கார்டியோலிபினை எடுத்து, லெசிதினும் கொலஸ்ட்ராலும் சேர்த்து, ஸ்லைடிலேயே செய்து முடிக்கும் எளிய பரிசோதனை ஒன்றை உருவாக்கினார். அந்த ஆய்வகத்துப் பெயரின் முதலெழுத்துகளே வி.டி.ஆர்.எல். நோயைக் கண்டுபிடிக்கும் வழியும் குணமாக்கும் மருந்தும் ஒரே கட்டடத்தில், ஒரே மனிதரின் பங்கோடு உருவாயின. பிறகு அவை பெரும்பாலும் தனித்தனியாகவே பயணப்பட்டன. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய கவலையே அதுதான்.

அதற்கு முன் லேப் மேஜைக்கு அருகே போய்ப் பார்ப்போம். காலையில் டெக்னீஷியனின் முதல் வேலை எமல்ஷன் தயாரிப்பது. தட்டை அடிப்பாகம் கொண்ட, கண்ணாடி மூடி போட்ட 30 மி.லி. பாட்டிலில் 0.4 மி.லி. பஃபர் உப்புநீர். அதை மேஜைமேல் வைத்தபடியே வட்டமாகச் சுழற்றிக்கொண்டு, 0.5 மி.லி. ஆன்டிஜெனைத் துளித்துளியாக விட வேண்டும். ஆறு விநாடிக்குள் முழுவதும் இறங்க வேண்டும். மேலும் பத்து விநாடி சுழற்றல். பிறகு 4.1 மி.லி. உப்புநீர். மூடியைப் போட்டுப் பத்து விநாடியில் முப்பது தடவை குலுக்கல். வேகம் கூடினாலோ குறைந்தாலோ கொழுப்புத் துகள்கள் சரியான அளவில் அமையாது; அன்றைய முடிவுகள் அத்தனையும் பிசகும். எமல்ஷனின் ஆயுள் ஒரு நாள்தான். மாலையில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

அதற்குள் சீரம் 56 டிகிரி தண்ணீரில் அரைமணி நேரம் இருந்து வந்திருக்கும். ஸ்லைடில் வட்டம் வட்டமாகக் குழிகள். ஒவ்வொன்றிலும் 0.05 மி.லி. சீரம். அதன்மேல் ஊசிமுனையிலிருந்து எமல்ஷன் ஒரு துளி. ஒரு மில்லி லிட்டரில் அறுபது துளி விழும்படி ஊசியைச் சரிபார்த்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 180 சுற்று, நான்கு நிமிடம். உடனே மைக்ரோஸ்கோப். நோயில்லாத சீரத்தில் மெல்லிய ஊசிகள் போன்ற துகள்கள் சமமாகப் பரவியிருக்கும். நோயுள்ள சீரத்தில் அவை திரண்டு கட்டிகட்டியாக நிற்கும். சில சமயம் ஆன்டிபாடி அளவுக்கு மீறி இருந்தால் திரளவே திரளாது; நோய் முற்றியவருக்கே 'நான்-ரியாக்டிவ்' என்று வந்துவிடும். கரடுமுரடாகத் தெரியும் சீரத்தை நீர்த்துப்போகச் செய்து மறுபடியும் பார்க்கிற டெக்னீஷியன் அங்கே ஒரு குழந்தையைக் காப்பாற்றுகிறார். அவர் பெயர் எந்த ரிப்போர்ட்டிலும் பெரிதாக இருக்காது.

கர்ப்பிணிக்கு ஏன் இந்தப் பரிசோதனை? தாய்க்கு வெளியே ஒன்றும் தெரியாது. புண் ஆறியிருக்கும், வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. கிருமி நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்குப் போய்விடும். சிகிச்சை இல்லாவிட்டால் ஏறக்குறையப் பாதிக் கர்ப்பங்கள் கெடுகின்றன: கரு கலையும், குழந்தை வயிற்றிலேயே இறக்கும், குறைமாதத்தில் பிறக்கும், பிறந்து சில நாளில் போய்விடும். பிழைத்தாலும் எலும்பு வலியால் ஒரு கையை அசைக்காமல் கிடக்கும் குழந்தைகள் உண்டு. பிறக்கும்போது கொழுகொழுவென்று இருந்துவிட்டு, சில வாரம் கழித்து மூக்கு ஒழுகி, தோல் உரிந்து, மண்ணீரல் வீங்கி வருகிறவையும் உண்டு. பின்னாளில் காது கேளாமை, கருவிழி மங்கல், பிறைபோல் குழிந்த முன்பற்கள். பிள்ளை தங்கவில்லை என்று கோயில் கோயிலாக அலையவிடப்பட்ட, மாமியார் வீட்டில் பழி சுமந்த எத்தனையோ பெண்களின் ரத்தத்தில் இந்த நோய் இருந்திருக்கும். கணவன் கொண்டுவந்து கொடுத்ததாகவும் இருந்திருக்கும். அடுத்தடுத்துக் கரு கலைந்தவருக்கு வி.டி.ஆர்.எல். பார்ப்பது நம் மகப்பேறு மருத்துவர்களிடம் நெடுநாள் வழக்கம். கலையும்வரை காத்திருக்காமல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் சட்டமானது அமெரிக்காவில், 1938இல் நியூயார்க் உள்ளிட்ட சில மாநிலங்களில்.

இந்தியாவுக்குள் இந்தப் பரிசோதனையின் வாசல் கல்கத்தா. பிரிட்டிஷ் காலத்து 'இம்பீரியல் சீராலஜிஸ்ட்' அலுவலகத்தின் முக்கியமான வேலை, கொலை வழக்குகளில் நீதிமன்றங்கள் அனுப்பிய ரத்தக்கறைத் துணிகளை மனித ரத்தமா என்று சோதிப்பது. அதன் வாரிசான சீராலஜி நிறுவனம் கிட் தெருவிலிருந்து நாடெங்கும் ஆய்வகங்களுக்கு வி.டி.ஆர்.எல். ஆன்டிஜெனை அனுப்பிவந்தது. தெற்கே, சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் ஆர்.வி. ராஜம், டாக்டர் பி.என். ரங்கய்யா போன்றவர்கள் வளர்த்த பால்வினைநோய்த் துறை, நாடு முழுக்க மதிக்கப்பட்ட பயிற்சிக்கூடமாக இருந்தது.

இந்தக் கொழுப்பு தன் பயணத்தில் சிலரைத் தப்பாகவும் குற்றம் சாட்டியது. மலேரியா, தொழுநோய் இருந்தாலும் பாசிட்டிவ் காட்டக்கூடும். முதுமையிலும் சில கர்ப்பிணிகளிடமும் அப்படியே. திருமணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை கட்டாயமாக இருந்த அமெரிக்க மாநிலங்களில் இதனால் அவமானப்பட்ட பெண்கள் பலர். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் லூபஸ் என்ற நோய் வெளிப்பட்டதை மருத்துவர்கள் கவனித்தார்கள். 1983இல் லண்டனில் கிரஹாம் ஹியூஸின் குழு அதே கார்டியோலிபினைக் கொண்டு இன்னும் நுட்பமான பரிசோதனை ஒன்றைச் செய்தது. ரத்தம் உறைந்து, கரு மறுபடி மறுபடி கலையும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் இப்படித்தான் பிடிபட்டது. தவறு என்று தள்ளப்பட்ட முடிவுகளுக்குள், கரு கலைவதற்கான இன்னொரு காரணம் இத்தனை ஆண்டும் எழுதிவைக்கப்பட்டிருந்தது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இப்போது அந்தக் கவலைக்கு வருகிறேன். வி.டி.ஆர்.எல். செய்ய மின்சாரம் வேண்டும், சுழற்றும் இயந்திரம் வேண்டும், மைக்ரோஸ்கோப் வேண்டும், 23 முதல் 29 டிகிரிக்குள் அறை வேண்டும், கைப்பழக்கம் உள்ள ஆள் வேண்டும். கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் இவை இருக்காது. எனவே ரத்தம் குழாயில் பயணப்பட்டது. ரிப்போர்ட் காகிதத்தில் திரும்பியது. "அடுத்த வாரம் வாம்மா, ரிசல்ட் வந்துடும்" என்று சொல்லியனுப்பப்பட்ட பெண்ணுக்கு அடுத்த வாரம் நடவு இருக்கும், இல்லை பஸ்ஸுக்குக் காசு இருக்காது, இல்லை தாய்வீட்டுக்குப் போயிருப்பாள். ரிப்போர்ட் வந்து சேரும், அவள் வரமாட்டாள். கண்டுபிடிக்கப்பட்ட நோயோடு குழந்தை இறப்பதைவிடக் கொடுமையான தோல்வி பொது சுகாதாரத்தில் இருக்க முடியாது.

1962இல் போர்ட்னாய் குழுவினர் உருவாக்கிய ஆர்.பி.ஆர். பாதித் தடையை நீக்கியது. அதே கார்டியோலிபின் கலவையில் கரித்தூள் சேர்த்தார்கள். வெள்ளை அட்டையில் கருப்புத் திரள் வெறுங்கண்ணுக்கே தெரியும். கோலின் குளோரைடு சேர்த்ததால் சீரத்தைச் சூடாக்கும் வேலையும் போனது. ஆனாலும் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும், ஆன்டிஜெனுக்கு ஃபிரிட்ஜ் வேண்டும்.

மீதித் தடையை நீக்கியது விரல்நுனி ரத்தத்தில் கால்மணி நேரத்தில் கோடு காட்டும் பட்டை. இதில் மாட்டு இதயம் கிடையாது. கிருமியின் புரதத்தையே மரபணு முறையில் செய்து பட்டையில் பதித்திருக்கிறார்கள். வாசர்மன் 1906இல் தேடியது ஒரு நூற்றாண்டு கழித்துக் கைக்கு வந்தது. லண்டனின் ரோசன்னா பீலிங் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடி இதைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுடைய ஆற்றாமைக்குக் காரணம் இருந்தது. எச்.ஐ.வி.க்கு உலகம் பணம் கொட்டியது. கர்ப்பிணியின் விரலைக் குத்தி எச்.ஐ.வி. பார்த்தார்கள், அதே துளியில் சிபிலிஸ் பார்க்கவில்லை. எச்.ஐ.வி.யிலிருந்து காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சிபிலிஸில் இறந்தார்கள். 2015இல் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பட்டைக்கு உலக சுகாதார நிறுவனம் தரச்சான்று கொடுத்தது. 2019இல் கர்ப்பிணிகளுக்கு அதையே முதல் பரிசோதனையாகப் பரிந்துரைத்தது.

பட்டை பாசிட்டிவ் என்றால் அதே நாற்காலியில், அதே நாளில் ஊசி. பென்சத்தீன் பெனிசிலின், 24 லட்சம் யூனிட், இரண்டு பக்க இடுப்பிலும் பாதிப்பாதி. பெனிட்யூர் என்றால் நம் செவிலியர்களுக்குச் சட்டென்று தெரியும். கெட்டியான வெள்ளை மருந்து, ஊசியை அடைக்கும், வலிக்கும். அண்மையில் தொற்றியிருந்தால் ஒரே ஊசி போதும். எப்போது தொற்றியது என்று தெரியாவிட்டால் வாரம் ஒன்றாக மூன்று. பிரசவத்துக்கு முப்பது நாள் முன்னதாகவாவது போட்டுவிட வேண்டும். நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்ச் சிசுவையும் குணமாக்கும் என்று நம்பக்கூடிய மருந்து இது ஒன்றுதான். அலர்ஜி வந்துவிடுமோ என்று பயந்து, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்று பல இடங்களில் அனுப்பிவிடுகிறார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களில் எல்லாரும் போய்ச் சேர்வதில்லை. மருந்தோ மலிவு, லாபம் குறைவு, மூலப்பொருள் செய்யும் ஆலைகள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை. அடிக்கடி தட்டுப்பாடு.

2016இல் உலகில் 6,61,000 குழந்தைகள் பிறவி சிபிலிஸால் பாதிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. கருவிலோ, பிறந்த சில வாரங்களிலோ இறந்தவை மட்டும் அதில் இரண்டு லட்சம். வசதி இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவைக் காட்டலாம்: 2012இல் 335 குழந்தைகள், 2022இல் 3,700க்கும் மேல். வி.டி.ஆர்.எல். பிறந்த நாடு அது. நம் பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் சான்று பெற்றது. வீடு தேடிப்போய்க் கர்ப்பிணியின் பெயரைப் பதியும் குடும்பநல உத்தியோகத்தர், இலவசக் கிளினிக், ரத்தம் எடுத்தால் முடிவைக் கையில் சேர்க்கும் ஒழுங்கு. இவ்வளவுதான் அவர்களிடம் இருந்தது. 2015இல் முதலில் சான்று பெற்ற கியூபாவும் பணக்கார நாடல்ல.

பட்டை வந்ததும் மாட்டு இதயக் கொழுப்புக்கு வேலை போய்விடவில்லை. ஒருமுறை நோய் வந்து குணமானவருக்கும் பட்டையில் பெரும்பாலும் ஆயுளுக்கும் கோடு விழும். மருந்து கேட்டதா, மறுபடி தொற்றியதா என்பதைச் சொல்ல ஆர்.பி.ஆர். எண் வேண்டும், அதாவது சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் திரள்கிறது என்ற அளவு. 1:32 இருந்தது 1:8 ஆனால் மருந்து கேட்டிருக்கிறது. ஊசி போட்டுக்கொண்ட பிறகும் எண் ஏறினால் பெரும்பாலும் கணவருக்குச் சிகிச்சை நடக்கவில்லை என்று பொருள். அவரை அழைத்துவரச் சொல்வது எளிது, அழைத்துவருவது அந்தப் பெண்ணுக்கு எளிதல்ல. அடியும் வசையும் அவளுக்குத்தான் விழும் என்று அஞ்ச வேண்டிய வீடுகள் உண்டு. கணவரிடம் பேசும் பொறுப்பை மருத்துவரோ நம்பிக்கை மையம் எனப்படும் எச்.ஐ.வி. பரிசோதனை மையத்து ஆலோசகரோ ஏற்க வேண்டும். சீட்டை அவள் கையில் கொடுத்து அனுப்புவது சிகிச்சை ஆகாது.

கொழுப்பின் கடைசி நிறுத்தம் குழந்தையின் ரத்தம். தொப்புள்கொடி ரத்தம் கூடாது, தாயின் ரத்தம் கலந்திருக்கும். குழந்தையின் நரம்பிலிருந்தே எடுக்க வேண்டும். தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாக வந்திருக்கும் என்பதால் நோயில்லாத குழந்தைக்கும் பாசிட்டிவ் வரும். தாயின் எண்ணைப்போல் நான்கு மடங்கு இருந்தால் நோய் குழந்தையுடையது. பத்து நாள் பெனிசிலின். அதற்குக் கீழே இருந்து, தாய்க்கு நேரத்தில் சிகிச்சையும் நடந்திருந்தால், மூன்று மாதத்தில் எண் இறங்கி ஆறு மாதத்தில் நான்-ரியாக்டிவ் ஆக வேண்டும். மூன்று மாதத்துப் பரிசோதனையைப் பதினான்காவது வாரத் தடுப்பூசியோடு சேர்த்துவிடலாம். ஆறாவது மாதத்தில் அரசு அட்டவணையில் ஊசி ஏதும் இல்லை. தாய்மார்கள் வராமல் விட்டுவிடுவது அப்போதுதான். அந்தத் தேதியைத் தாய் சேய் நல அட்டையில் பேனாவால் எழுதிக்கொடுத்து, வராவிட்டால் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே போய் ஞாபகப்படுத்த வேண்டும்.